ஒரே மூச்சில் ஒரு விலாசம்

நெஞ்சைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் கறுப்புப் பட்டை ஒன்றைப் பெட்டியில் போட்டுக்கொண்டு, போர் நடக்கிற நாட்டுக்குள் நுழைகிறவனுக்குப் புத்தி கொஞ்சம் மட்டாக இருக்க வேண்டும். என் புத்தி மட்டு என்பது கட்டுநாயக்கா விமான நிலையத்தில்தான் எனக்கே தெரிந்தது. என் வேட்டிகளுக்கும் தங்கைக்காகக் கொண்டுவந்த முறுக்கு டப்பாவுக்கும் நடுவிலிருந்து சுங்க அதிகாரி அதை இரண்டு விரலால் தூக்கினார். பட்டையின் நடுவில் வழவழப்பான பிளாஸ்டிக் வில்லை. கூடவே ஒரு கைக்கடிகாரம்.

“மே மொகத்த?” என்றார். இது என்ன என்று கேட்கிறார் என்பது சிங்களம் தெரியாத எனக்கே புரிந்தது.

இதயத் துடிப்பை எண்ணுகிற கருவி, நான் கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் உடற்கல்வி ஆசிரியர், சைக்கிள் பந்தயத்துக்குப் போகிற மாணவர்களுக்கு இதை வைத்துத்தான் பயிற்சி கொடுக்கிறேன் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. வேறு வழியில்லாமல் சட்டைப் பொத்தான்களைக் கழற்றி, பட்டையைத் தண்ணீர் தொட்டு நனைத்து, நெஞ்சில் கட்டிக் காட்டினேன். கடிகாரத்தில் நூற்றுப் பதினெட்டு என்று வந்தது.

“சும்மாதானே நிற்கிறாய், ஏன் இவ்வளவு?” என்று கேட்டார்.

“உங்களைப் பார்த்துத்தான் சார்” என்றேன். பக்கத்து மேசைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு இரண்டு பேரும் ஆளுக்கொரு தடவை கட்டிப் பார்த்து, யாருடைய இதயம் நல்ல இதயம் என்று வாக்குவாதம் செய்துவிட்டுத்தான் என்னை வெளியே விட்டார்கள்.

கொழும்பில், வெள்ளவத்தையில் என் தங்கை மீனாவின் வீடு, நான்காவது மாடியில் ஒரு ஃபிளாட். அவள் கணவர் சிவா யாழ்ப்பாணத்துக்காரர். கோவையில் எங்கள் வீதியில் அறை எடுத்துப் படித்தவர், படிப்போடு என் தங்கையையும் கூட்டிக்கொண்டு போனார். மீனா இப்போது ‘ஆமாம்’ என்பதை மறந்து ‘ஓம்’ என்கிறாள். இராத்திரிச் சாப்பாட்டுக்கு இடியப்பம், சொதி, தேங்காய்ச் சம்பல். எங்கள் ஊரில் இடியப்பத்துக்குத் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் ஊற்றிக் குழந்தை போலச் சாப்பிடுவோம் என்றேன். “அது சாப்பாடே மச்சான்? வருத்தக்காரருக்குக் குடுக்கிறது” என்றார் சிவா. அவர்கள் பேச்சில் வருத்தம் என்றால் நோய்.

நான் வந்த காரியம் சிவாவின் தங்கை தயாளினிக்காக. எல்லாருக்கும் தயா. முப்பது வயது, தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை. யாழ்ப்பாணத்தில் பெட்ரோல் கிடைக்காத காலத்தில் வளர்ந்தவள். அங்கே பள்ளிக்கூடம், சந்தை, ஆஸ்பத்திரி எல்லாமே சைக்கிளில்தான். தாயைப் பின்னால் வைத்து, கைப்பிடியில் மண்ணெண்ணெய்க் கேனையும் தொங்கவிட்டு மிதித்த கால்கள் அவை. கொழும்புக்கு வந்த பிறகும் அவள் சைக்கிளை விடவில்லை. நிறுவனங்களுக்கிடையே வருடா வருடம் நடக்கிற பந்தயத்தில் பெண்கள் பிரிவும் உண்டு. கொட்டாஞ்சேனையில் தொடங்கி, களனிப் பாலம் தாண்டி, நீர்கொழும்பு வரை போய், கொட்டாஞ்சேனைக்கே திரும்ப வேண்டும். போன வருடம் தயா நீர்கொழும்பு வரை முதலாவதாகப் போனாள். திரும்பும்போது வத்தளையில் கால் இரண்டும் கல்லாகி, சைக்கிளோடு லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள்.

“லொறியில வந்து இறங்கேக்குள்ள ஒஃபிஸ் ஆக்கள் எல்லாரும் நிண்டவை, மாஸ்டர்” என்றாள். எந்த ஊர் ஆசிரியரும் யாழ்ப்பாணத்தாருக்கு மாஸ்டர்தான். “இந்த முறையும் லொறி எண்டா அடுத்த முறை என்ர பேர் குடுக்க மாட்டினம். எனக்கு வெல்ல வேணுமெண்டில்லை. சைக்கிளிலயே திரும்பி வர வேணும், அவ்வளவுதான்.”

நான் பட்டையை எடுத்து மேசையில் வைத்தேன். சிவாவின் முகம் மாறிவிட்டது.

“உங்களுக்கென்ன விசரே மச்சான்? இதை நெஞ்சில கட்டிக்கொண்டு இவள் காலி வீதியால போறதோ? தடவிப் பாக்கிற பொம்பிளைப் பொலிஸ் என்னெண்டு நினைப்பாள்?”

காலி என்கிற ஊருக்குப் போகிற அந்தப் பெரிய சாலையில் சாவடிக்குச் சாவடி தடவிப் பார்ப்பார்கள் என்பது எனக்கு அந்தக் கணம் வரை உறைக்கவில்லை. கோவையில் அது விளையாட்டுச் சாமான். இங்கே ஒரு தமிழ்ப் பெண்ணின் சட்டைக்குள் இருக்கிற கறுப்புப் பட்டைக்கு ஒரே அர்த்தம்தான், வெடிகுண்டு.

மறுநாள் விடியலில், பட்டை இல்லாமல், கடலோரமாகப் போகிற மரைன் டிரைவில் கிளம்பினோம். எனக்கு சிவாவின் பழைய சைக்கிள். ஒரு பக்கம் தண்டவாளம், அதற்கு அந்தப் பக்கம் கடல். உப்புக் காற்று, மீன் வாடை, எங்கிருந்தோ பாண் என்கிற இந்த ஊர் ரொட்டி வேகிற மணம். காபி கூடக் குடிக்காத என் வயிற்றை அந்த மணம் பாடாய்ப் படுத்தியது. இதையெல்லாம் அனுபவிக்கலாம் என்று நான் நினைத்தபோது தயாவைக் காணவில்லை. நேரே சுட்டுவிட்ட தோட்டா மாதிரிப் போய்விட்டாள். கல்கிசையை நெருங்கும் இடத்தில் எனக்காகக் காத்துக்கொண்டு நின்றாள். என் மூச்சு எனக்கே சத்தமாகக் கேட்டது.

“தினமும் இப்படித்தானா?”

“ஓம். ஒவ்வொரு நாளும் ஏலுமான மட்டும் கெதியா.”

தினமும் முடிந்த மட்டும் வேகமாக: இதுதான் வத்தளையில் காலை வாரிய சங்கதி என்று எனக்குப் பட்டது. எங்கள் பயிற்சியின் அடிப்படையே, பெரும்பாலான நாள் மெதுவாக ஓட்டுவதுதான். பேசிக்கொண்டே மிதிக்க முடிகிற வேகம். இதயம் அந்த நிதானத்தில் நாளாக நாளாகப் பலப்படும். முழுமூச்சாக மிதிப்பது வாரத்தில் ஓரிரு நாள் போதும். தினமும் முழுமூச்சு என்றால் இதயமும் காலும் களைப்பைச் சேர்த்து வைத்துக்கொண்டு, பந்தயத்தன்று மொத்தமாகத் திருப்பிக் கொடுக்கும். நடுரோட்டில் நின்று இதையெல்லாம் வகுப்பெடுத்தேன்.

அவள் பொறுமையாகக் கேட்டாள். “எல்லாம் சரி மாஸ்டர். ஆறுதலாப் போனா ஆமிக்காரர் நிப்பாட்டுவினம். ஒரே ரோட்டால மேலையும் கீழையும் மெதுவாப் போற தமிழாள் என்னத்தைப் பாக்கிறாள் எண்டு கேப்பினம். கெதியாப் போனா வேலைக்குப் பிந்திப் போறாள் எண்டு விட்டுடுவினம்.”

மெதுவாக ஓட்டுவதற்கு இத்தனை தைரியம் வேண்டும் என்று எந்த விளையாட்டுப் பாடத்திலும் நான் படித்ததில்லை.

சோதனைச் சாவடி இல்லாத இடத்தில் அவள் இதயத்தைப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. கொட்டாஞ்சேனையில் சைக்கிள் கடை வைத்திருக்கும் அன்ரனிடம் உருளைகள் இருந்தன. மூன்று உருளைகள் பதித்த சட்டம் அது. அதன்மேல் சைக்கிளை நிறுத்தி, நகராமலே எவ்வளவு தூரமும் மிதிக்கலாம். தயாவோடு பஸ்ஸில் போனேன். நடுவழியில் எல்லாரும் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். ஊர் வந்துவிட்டது என்று நானும் இறங்கி, நேராக ஒரு டீக்கடைக்குள் போய்விட்டேன். தயா ஓடிவந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “மாஸ்டர், இது செக்கிங்! நடந்து போய் அங்கால திரும்ப ஏற வேணும்!” வரிசையில் நின்றேன். என் பாஸ்போர்ட்டைப் பார்த்த சிப்பாய் கோயம்புத்தூரில் மழையா என்று விசாரித்துவிட்டு, பட்டை கிடந்த என் பையைத் திறக்காமலே அனுப்பினான். எனக்குப் பின்னால் நின்ற தயா அவனுடைய ஒவ்வொரு கேள்விக்கும் சிங்களத்தில் மடமடவென்று பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். பஸ் எங்களை விட்டுவிட்டுப் போய்விட்டது. மிச்ச தூரம் ஓட்டோவில்.

கொட்டாஞ்சேனை எனக்குப் பிடித்துப் போயிற்று. கோயில் மணி அடங்குவதற்குள் தேவாலய மணி அடிக்கிறது, நடுவில் துறைமுகத்திலிருந்து கப்பல் ஊதுகிறது. சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தவுடன், கேட்காமலே தட்டு நிறைய ரோல்ஸும் பணிஸ் என்கிற மீன் பன்னும் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். இத்தனையும் எப்படித் தின்பது என்று திகைத்தேன். தின்றதற்கு மட்டும் காசு, மிச்சத்தை அப்படியே அடுத்த மேசைக்கு எடுத்துப் போய்விடுவார்கள் என்று தயா விளக்கினாள். எங்கள் ஊரில் இந்த வழக்கம் வந்தால் எல்லாரும் பண்டத்தைத் தொட்டுச் சூடு பார்த்தே தீர்த்துவிடுவார்கள்.

அன்ரன் ஒரு காலத்தில் பந்தயம் ஓடியவர். இப்போது அதைத் தொப்பை மறைக்கிறது. கடைக்குப் பின்னால் தயா பட்டையைக் கட்டிக்கொண்டு உருளைமேல் ஏறினாள். நல்ல வேகத்திலேயே மிதித்தாள், கடிகாரத்தில் நூற்று இருபத்தைந்தைத் தாண்டவில்லை. மூச்சு வாங்காமல் அன்ரனோடு மீன் விலை பேசினாள். நான் அசந்துபோனேன். இந்த இதயத்தை வைத்துக்கொண்டு வத்தளையில் எப்படி விழுந்தாள்?

“இஞ்சயே வந்து ஓடச் சொல்லுங்க மாஸ்டர்” என்றார் அன்ரன். ஆனால் வேலைக்குப் போகிறவள் தினமும் இத்தனை சாவடி தாண்டி இங்கே வந்து போவது நடக்கிற காரியமில்லை.

அடுத்தடுத்த நாட்களில் அவள் பிடிவாதமாகப் பட்டையைக் கட்டிக்கொண்டு வீதியில் ஓட்டினாள். சிவாவிடம் சொல்லவில்லை. உருளையில் நூற்று இருபத்தைந்து காட்டிய அதே வேகத்தில், வீதியில் நூற்றைம்பதுக்கு மேல் காட்டியது. சில இடங்களில் மிதிப்பதை நிறுத்தி உருண்டு போகும்போதே ஏறியது. கருவி கெட்டுவிட்டது என்று முடிவு கட்டினேன். மின்கம்பி குறுக்கிடுகிறதோ என்று சந்தேகப்பட்டேன். பேட்டரி மாற்றினேன். பட்டையைக் கூடுதலாக நனைத்துப் பார்த்தேன். என் நெஞ்சில் கட்டிக்கொண்டு அதே வழியில் மெதுவாகப் போனேன், சமர்த்தாகத் தொண்ணூறு காட்டியது.

“உங்கட இதயத்துக்கு இந்தியன் பாஸ்போர்ட் இருக்கு மாஸ்டர்” என்றாள் தயா. வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்று நானும் சிரித்தேன்.

பயந்தது அடுத்த நாளே நடந்தது. காலி வீதியில் வழக்கமில்லாத இடத்தில் திடீரென்று சோதனை போட்டிருந்தார்கள். என்னைத் தலையசைத்து அனுப்பிவிட்டு, தயாவைப் பெண்களைச் சோதிக்கிற துணித் தடுப்புக்குள் போகச் சொன்னார்கள். நான் வெளியே இரண்டு சைக்கிளையும் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே ஒரு பெண் சத்தம் போட்டாள். வெளியே இருந்த சிப்பாய்கள் துப்பாக்கியைத் திருப்பிக்கொண்டு ஓடினார்கள். பட்டையைக் கொண்டுவந்த கை என்னுடைய கை.

உள்ளே நடந்ததைத் தயா பிறகு சொன்னாள். அந்தப் பெண் பொலிஸ் கையை உயர்த்தச் சொல்லி, ஓடிவந்த சிப்பாய்களைத் துணிக்கு வெளியே நிறுத்திவிட்டு, பின்வாங்கி நின்றாளாம். தயா கையை உயர்த்தியபடியே, இது இதயத்துக்கு, சைக்கிள் பந்தயத்துக்கு, மணிக்கட்டில் இருக்கிற கடிகாரத்தைப் பாருங்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள். கடைசியில் அந்தப் பெண் கிட்ட வந்து பார்த்தாள். நூற்று எழுபத்திரண்டு.

“இது உன்னுடையதா?” என்று சிங்களத்தில் கேட்டாளாம். “ஓடாமல் நிற்கிறாயே!”

“உங்களுக்கு முன்னால நிக்கிறனே” என்றாளாம் தயா.

அந்தப் பெண் கடிகாரத்திலிருந்து பார்வையை எடுக்கவில்லை. இலக்கம் மெல்ல இறங்க ஆரம்பித்தது. நூற்று அறுபது, நூற்று நாற்பது. இரண்டு பேருமாக அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நூற்றுக்குக் கீழே வந்ததும் “சரி, கையைக் கீழே விடு” என்றாள். அவளுக்கு ஆர்வம்தான். ஆனால் மேலதிகாரி வந்து பார்த்துவிட்டு, பட்டை இங்கேயே இருக்கட்டும், விசாரிக்க வேண்டும் என்றார். சிவா அடையாள அட்டை, பொலிஸ் பதிவுத் தாள், கம்பெனிக் கடிதம் எல்லாம் கொண்டுவந்து, என் பாஸ்போர்ட்டையும் காட்டி, நண்பகலில் எங்களை மீட்டுக்கொண்டு போனார். பட்டை திரும்பி வரவேயில்லை.

கருவி கெடவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கட்டுநாயக்காவில் ‘உங்களைப் பார்த்துத்தான் சார்’ என்று நானே பதில் சொல்லியிருந்தும், என் மண்டையில் ஏறவில்லை. தயாவின் இதயம் ஒவ்வொரு சாவடிக்கும் முன்பாகவே மலை ஏறத் தொடங்கிவிடுகிறது. அதற்கு மேல் கால்களும் முழுமூச்சாக மிதித்தால்? வத்தளைக்கு வருவதற்குள் அவள் இரண்டு பந்தயம் ஓடி முடித்திருப்பாள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. யார் மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

வீட்டில் மீனா ஆளுக்கொரு பாலில்லாத பிளேன்டீ வைத்துவிட்டுப் போனாள். பந்தயத்தை விட்டுவிடலாம் என்று நானே சொல்ல வாயெடுத்தேன். சிவா முந்திக்கொண்டார்.

“பட்டையில்லாமல் ஏலாதோ மச்சான்?”

ஏலும் என்றேன். பட்டை வருவதற்கு முன்னும் மனிதர்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தார்கள். மனப்பாடமாகத் தெரிந்த ஏதாவது ஒன்றைச் சொல்லிக்கொண்டே மிதிக்க வேண்டும். மூச்சு முட்டாமல் முழுதும் சொல்ல முடிந்தால் அது இலேசான நிலை. நடுவில் நிறுத்தி மூச்செடுக்க வேண்டியிருந்தால் நடுத்தரம். சொல்லுக்குச் சொல் மூச்சு வாங்கினால் கடினம். வாயே திறக்க முடியாவிட்டால் அதுதான் எல்லை. என் மாணவர்கள் பதினாறாம் வாய்ப்பாடு சொல்வார்கள்.

“உனக்கு எது நல்லாப் பாடம்?” என்று தயாவைக் கேட்டேன். தேவாரம் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு சிங்களத்தில் மடமடவென்று ஒன்றைச் சொன்னாள். பஸ்ஸிலிருந்து இறங்கி வரிசையில் நின்றபோது நான் கேட்ட அதே சத்தம். சிவா எனக்கு மொழிபெயர்த்தார்: “என் பெயர் தயாளினி. வெள்ளவத்தையில் அண்ணன் வீட்டில் இருக்கிறேன். பிறந்தது யாழ்ப்பாணம். கொழும்பில் வேலை செய்கிறேன். பொலிஸில் பதிந்திருக்கிறேன்.”

“நித்திரையில கேட்டாலும் சொல்லுவன்” என்றாள் தயா. அன்றிலிருந்து அந்த விலாசமே அவள் வாய்ப்பாடு ஆயிற்று.

மெதுவாகப் போனால் பிடிப்பார்களே என்ற சிக்கலை சிவாவே தீர்த்து வைத்தார். மறுநாள் விடியலில் என்னைக் கீழே இறக்கிவிட்டு, தன் பழைய சைக்கிளைத் தானே எடுத்துக்கொண்டு, கைப்பிடியில் ஒரு துணிப்பையைத் தொங்கவிட்டார். பேக்கரியில் இரண்டு றாத்தல் பாண் வாங்கி, தலை வெளியே தெரிய அதில் சொருகினார். “பாணோட போற குடும்பக்காரனை ஒருத்தனும் மறிக்க மாட்டான்” என்றார். அண்ணனும் தங்கையும் பக்கத்தில் பக்கத்தில், கதைத்துக்கொண்டே கல்கிசைப் பக்கம் போனார்கள். சிவாவுக்கு அதற்கு மேல் வேகம் வராது, தயாவுக்கும் அதற்கு மேல் வேண்டாம். ஒரு நாள் திரும்பி வரும்போது பாணில் பாதியை இரண்டு பேருமாகப் பிய்த்துத் தின்றுவிட்டு வந்தார்கள், மீனா சண்டை பிடித்தாள். என் விடுமுறை முடியும்வரை இப்படியே நடந்தது. வாரத்தில் இரண்டு நாள் மட்டும் தயாவைத் தனியே, அவள் மனம்போல் பறக்கவிட்டேன்.

பந்தயம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் ஊருக்குப் போவதற்கு முந்தைய நாள். கொட்டாஞ்சேனையில் பூசைக்குப் போகிறவர்களும் சைக்கிள்காரர்களும் ஒரே நெரிசல். தயாவின் மணிக்கட்டில் அந்தக் கடிகாரம் இருந்தது. பட்டை இல்லாததால் அதில் இரண்டு கோடுகள் மட்டும்தான்.

“நீர்கொழும்பு வரைக்கும் முழு விலாசமும் ஒரே மூச்சில் வரணும்” என்றேன். “திரும்பும்போது வத்தளை வரைக்கும் துண்டு துண்டாக வரலாம். களனிப் பாலம் தாண்டின பிறகு ஒன்றும் சொல்ல வேண்டாம்.”

“பேரும் வேண்டாமோ?”

“பேரும் வேண்டாம்.”

அவர்கள் போன பிறகு நேரம் நகரவில்லை. அன்ரன் கடையில் பிளேன்டீ மேல் பிளேன்டீயாகக் குடித்தோம். சிவா தன் கழுத்து நரம்பில் விரலை வைத்து எண்ணிக்கொண்டே இருந்தார், எவ்வளவு என்று மட்டும் சொல்லவில்லை. முதலில் மூன்று பெண்கள் முடித்தார்கள். பிறகு ஒரு லொறி வந்தது. சிவா எழுந்தே விட்டார். உள்ளே வேறு யாரோ. அதற்குப் பின்னால், வளைவில், தயா வந்தாள். சைக்கிளில்தான் வந்தாள். வாய் முழுதும் திறந்திருந்தது, உதடு அசையவில்லை. கோட்டைத் தாண்டியதும் சிவா தெருவென்றும் பார்க்காமல் ஓவென்று அழுதார். நானும்தான்.

முடிவு இடத்தில், கையில் அட்டையோடு நின்ற அதிகாரி அவளிடம் வந்தார். “நம?” என்று பெயரைக் கேட்டார்.

தயா கைப்பிடிமேல் கவிழ்ந்து கிடந்தாள். வாயைத் திறந்தாள், காற்றுத்தான் வந்தது. மறுபடி முயன்றாள், முடியவில்லை. ஒரு கையை உயர்த்திக் கொஞ்சம் பொறுங்கள் என்று காட்டினாள்.

அதிகாரி சிரித்தார். “அவசரமில்லை தங்கச்சி, மூச்சை எடு” என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு, அட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அங்கேயே நின்றார்.

அந்த இராத்திரி, என் பெட்டியில் கருவாட்டுப் பொட்டலத்தை வைத்துக் கட்டிக்கொண்டே தயா என்னிடம் சொன்னாள்: “கொழும்புக்கு வந்து இத்தனை வருசத்தில, பேர் கேட்ட ஆளுக்கு மறுமொழி சொல்லாமல் நிண்டது இண்டைக்குத்தான் மாஸ்டர். அந்தாள் காத்துக்கொண்டு நிண்டது. எனக்கு நெஞ்சு அடிச்ச அடி சொல்லி வேலையில்லை. ஆனா பயமே இல்லை.”